நீர் அடிப்படைப் பளபளப்பு பெயின்ட்: காய்வது வேறு, இறுகுவது வேறு, பிடிப்பது வேறு

வீட்டுக்குள் இருக்கும் பழைய கதவு, நிலை, சன்னல் சட்டம், அலமாரி இவற்றுக்கு நீர் அடிப்படையிலான பளபளப்பு பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "தண்ணீர் பெயின்ட் மரத்தில் நிற்காது, உரிந்துவிடும்" என்பது ஒன்று. "இப்போது வரும் பெயின்டுக்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம், நேராக அடிக்கலாம்" என்பது இன்னொன்று. முதல் பதிலை நம்பியவர் நல்ல பொருளைக் கைவிடுகிறார். இரண்டாவதை நம்பியவருக்கு ஆறு மாதத்தில் கதவுப் பூச்சு தோல் போல உரிந்து வருகிறது; உடனே அவரும் முதல் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனி வேலைகளை நாம் "காய்ந்துவிட்டது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதுதான். பூச்சிலிருந்து நீர் வெளியேறுவது காய்தல். பூச்சு முழு வலிமை பெறுவது இறுகுதல். கீழே உள்ள பரப்போடு ஒட்டி நிற்பது பிடிப்பு. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்திருக்கலாம், முழுக்க இறுகியும் இருக்கலாம், ஆனாலும் துளியும் பிடிக்காமல் இருக்கலாம். பழைய மரவேலையில் நடக்கும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

டின்னுக்குள் என்ன இருக்கிறது

எந்த பெயின்டிலும் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. நிறத்தையும் மறைப்பையும் தரும் நுண்ணிய தூள் நிறமி. அந்தத் தூளைக் கட்டிப் பிடித்துப் படலமாக நிற்கச் செய்யும் பிசின் பைண்டர். இரண்டையும் பிரஷ்ஷில் ஓடும் அளவுக்கு இளக்கமாக வைத்திருந்து, அடித்த பிறகு காற்றில் போய்விடும் திரவத்தைக் கடத்தி என்று வைத்துக்கொள்வோம். எனாமலில், அதாவது எண்ணெய் பெயின்டில், கடத்தி டர்பன்டைன் போன்ற கரைப்பான். நீர் பெயின்டில் தண்ணீர்.

பளபளப்பு என்பது நிறமிக்கும் பைண்டருக்கும் உள்ள விகிதத்தில் வருகிறது. பைண்டர் நிறைய இருந்தால் நிறமித் துகள்கள் அதற்குள் மூழ்கி, மேற்பரப்பு கண்ணாடி போலச் சமமாக நிற்கும். பைண்டர் குறைந்தால் துகள்கள் தலை தூக்கி ஒளியைச் சிதறடிக்கும். அது மங்கல் பூச்சு. கண்ணாடி போன்ற பரப்பு கீழே உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் பிசிறையும் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் பளபளப்பு பெயின்டுக்கு அடித்தளம் இவ்வளவு திருத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது.

எனாமல் காயும் விதம்

எண்ணெய் பாட்டிலின் வாயில் வழிந்து நின்ற எண்ணெய் சில மாதங்களில் பிசுபிசுத்து, பிறகு கோந்து போலக் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. எனாமலின் பைண்டரான அல்கைட் பிசினும் எண்ணெயிலிருந்து செய்யப்படுவதே. முதலில் கரைப்பான் பறக்கும். பிறகு ஆக்சிஜன் வலை பின்னும். அந்தப் பின்னல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடரும். இதனால் எனாமல் நன்றாகக் கடினமாகிறது. ஆனால் நாளாக ஆக நொறுங்கும் தன்மை கூடி, வெள்ளை நிறம் மஞ்சளாகிறது. வெளிச்சம் படாத அலமாரியின் உட்புறமும், படத்துக்குப் பின்னால் மறைந்த இடமும் மற்ற இடங்களைவிட அதிகம் மஞ்சளடிக்கும்.

கரைப்பான் ஆவி காற்றைக் கெடுப்பதால் பல நாடுகள் அதற்கு வரம்பு விதித்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் மரம், உலோகச் சட்டங்களுக்கான கரைப்பான் வகைப் பெயின்டில் லிட்டருக்கு 300 கிராம், நீர் வகையில் 130 கிராம் என்பதே ஆவியாகும் கரிமப் பொருளின் உச்ச அளவு. நீர் வகையிலும் அந்த ஆவி முற்றிலும் இல்லாமல் இல்லை என்பதை இந்த எண்ணிலேயே பார்க்கலாம். வாசனை குறைவு என்பதால் சன்னலை மூடிக்கொண்டு அடிக்க வேண்டாம்.

வெள்ளைப் பசை சொல்லும் பாடம்

நீர் பெயின்ட் எப்படிப் படலமாகிறது என்று அறிய மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைப் பார்த்தால் போதும். ஈரமாக இருக்கும்போது பால் போல இருக்கிறது, காய்ந்ததும் தெளிவாகிவிடுகிறது. ஏன்? பசை தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அந்த மணிகள் ஒளியைச் சிதறடித்ததால் வெண்மை. நீர் போனதும் மணிகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றுக்குள் ஒன்று உருகிக் கலந்து ஒரே படலமாகிவிட்டன. சிதறடிக்க இடைவெளி இல்லாததால் தெளிவு.

நீர் பெயின்டில் பெரும்பாலும் பைண்டராக இருக்கும் பிளாஸ்டிக் பிசின் அக்ரிலிக்; அந்த அக்ரிலிக் பெயின்டிலும் இதேதான். மணி ஒவ்வொன்றும் சுமார் பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டர். மென்மையான மெழுகு உருண்டைகளை ஒரு தட்டில் நெருக்கி வைத்து அழுத்தினால் ஒரே பலகையாகிவிடும் அல்லவா, அதே போல மணிகள் ஒன்றாவதற்குப் படலமாதல் என்று பெயர். ஒருமுறை ஒன்றான பிறகு தண்ணீர் பட்டால் அவை மறுபடி மணிகளாகப் பிரிவதில்லை. "தண்ணீர் பெயின்ட் தண்ணீரில் போய்விடும்" என்ற பயத்துக்கு இதுவே பதில். போகக்கூடியது இன்னும் படலமாகாத பெயின்ட் மட்டுமே.

மெழுகு குளிரில் கெட்டியாக இருந்தால் உருண்டைகள் ஒட்டுமா? ஒட்டாது. அறை வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நீர் பறந்தாலும் மணிகள் சரியாகச் சேராது. பூச்சு காய்ந்தது போலத் தெரியும், ஆனால் தேய்த்தால் பொடியாகும். பிறகு சூடாக்கியும் பயனில்லை. நேர் எதிர்ப் பக்கம், 35 டிகிரியைத் தாண்டிய வெயிலிலோ மின்விசிறிக்கு நேர் கீழேயோ நீர் மிக வேகமாகப் போனால், பிரஷ் தடங்கள் சமமாவதற்குள் மேல்தோல் உறைந்துவிடும்.

தண்ணீரை இஷ்டத்துக்கு ஊற்றுவதும் மணிகளைத் தூரத் தூரமாக்கிவிடும். டின்னில் எழுதியிருக்கும் அளவு, வழக்கமாக 5 முதல் 10 விழுக்காடு, அதற்கு மேல் வேண்டாம். டர்பன்டைன் ஒரு சொட்டும் கூடாது.

நீர் அடிப்படை என்று விற்கப்படுவதில் இன்னொரு வகையும் உண்டு: அல்கைட் பிசினையே நுண்துளிகளாக நீரில் மிதக்கவிட்டது. அது அக்ரிலிக்கைவிடச் சமமாகப் பரவும், கடினமாகும். ஆனால் பைண்டர் எண்ணெய்ப் பிறப்பு என்பதால் கொஞ்சம் மஞ்சளடிக்கும். வாங்கும்போது டின்னில் எந்தப் பிசின் என்று படியுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எனாமல் ஆக்சிஜனால் இறுகுகிறது. அக்ரிலிக் பெயின்ட் மணிகள் சேர்ந்து இறுகுகிறது. அதற்கு மிதமான வெப்பமும் அவகாசமும் தேவை.

ஏன் பழைய எனாமலில் பிடிக்க மறுக்கிறது

எண்ணெய் படிந்த தட்டில் தண்ணீர் விட்டால் பரவாமல் முத்து முத்தாக உருளும். பழைய கதவின் கைப்பிடியைச் சுற்றிக் கைவியர்வையும் எண்ணெயும், சமையலறைப் பக்கச் சட்டங்களில் ஆவி படிந்த பிசுக்கும் வருடக்கணக்கில் ஏறியிருக்கும். எனாமலில் உள்ள கரைப்பான் அந்தப் பிசுக்கை ஓரளவு கரைத்து ஊடுருவிக்கொள்ளும். தண்ணீரால் அது முடியாது. எனாமலுக்குப் பழகிய கை, நீர் பெயின்டிலும் அதே அரைகுறைத் துடைப்போடு அடிக்கும்போதுதான் வம்பு வருகிறது.

பிசுக்கே இல்லாவிட்டாலும், பழைய பளபளப்புப் பரப்பு கண்ணாடி போல வழவழப்பானது. புதிய பூச்சு பற்றிக்கொள்ள அதில் எதுவும் இல்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரக்கணக்கில் விழுகின்றன. ஈர பெயின்ட் அவற்றுக்குள் இறங்கி இறுகி, கொக்கி போட்டது போல நிற்கிறது. ஓட்டுநர்கள் பிடிப்பு என்று டயருக்குச் சொல்வதைப் போன்ற ஒன்று இது. பழைய பெயின்டைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. உறுதியாக நிற்பது அப்படியே இருக்கலாம். அதன் மினுமினுப்பு போனால் போதும்.

பழைய பூச்சு எது என்று கண்டுபிடித்தல்

வெள்ளைத் துணியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து மறைவான இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பூச்சு இளகித் துணியில் நிறம் ஏறினால் பெரும்பாலும் அது நீர் பெயின்ட். எதுவும் ஆகாவிட்டால் எனாமல். பழுப்பாகக் கரைந்து வந்தால் அரக்குப் பாலிஷ்.

அடுத்து, அது மரத்தில் உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரிய கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு கீறி, அழுத்தமான ஒட்டுநாடாவை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் பெயர்ந்து வந்தால் அதன் மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பழையதோடு சேர்ந்து அதுவும் உரியும். அந்த இடத்தை மரம் வரை எடுத்துவிடத்தான் வேண்டும்.

ஈயம்: இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

பழைய எண்ணெய் பெயின்டுகளில் வெண்மைக்கும் வேகமாகக் காய்வதற்கும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. அமெரிக்கா வீட்டு உபயோகப் பெயின்டில் 1978 இல் இதைத் தடை செய்தது. இன்று பல நாடுகளில் பத்து லட்சத்தில் 90 பங்கு என்பதே மேல் வரம்பு. ஆனால் சட்டம் வந்த நாளில் கதவிலிருந்த பூச்சு மாறிவிடவில்லை. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

பூச்சின் வயது தெரியாவிட்டால் ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதிப்பதே நம்பகமான வழி. ஈயம் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு வேலை செய்வதானால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, இயந்திரம் கூடாது, வெப்பத் துப்பாக்கி கூடாது. நீர் தாங்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியில் துடைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் போடுங்கள்; சாதாரணத் துணி போதாது. குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம். பழைய பூச்சு உறுதியாக இருந்தால் லேசாக ஈரத்தேய்ப்பு தேய்த்து மேலே மூடிவிடுவது, முழுக்கச் சுரண்டுவதைவிடப் பாதுகாப்பானது.

கழுவுவது முதலில், தேய்ப்பது பிறகு

இந்த வரிசை மாறக் கூடாது. பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் நாமே திணித்துவிடுகிறோம். வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைச் சோடாவோ பாத்திரம் கழுவும் திரவமோ கலந்து, கரடான பஞ்சால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இருமுறை துடையுங்கள். சோடா மிச்சம் இருந்தாலும் பிடிப்பு போகும். ஒரு நாள் உலரட்டும். மெழுகுப் பாலிஷோ சிலிகோன் தெளிப்போ போட்டிருந்தால் சோப்பு போதாது, டர்பன்டைன் நனைத்த துணியை அடிக்கடி மாற்றித் துடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் சிலிகோன், புதிய பூச்சில் மீன் கண் போன்ற வட்டக் குழிகளாகத் தலைகாட்டும்.

உரிந்த இடங்களைச் சுரண்டியபின் 120 ஆம் எண் உப்புத்தாளால் விளிம்புகளைச் சரிவாக்குங்கள். விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. மற்ற இடமெல்லாம் 180. பளபளப்பு போய், பரப்பு முழுதும் சீராக மங்கித் தெரிய வேண்டும். மினுக்கும் திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே வேலை முடியவில்லை. சட்டத்தின் கூரிய முனைகளை லேசாக மழுக்குங்கள். கூர்முனையிலிருந்து ஈர பெயின்ட் இருபுறமும் விலகி ஓடுவதால் அங்கே படலம் மெலிந்து, முதலில் தேய்வது அந்த இடமாகத்தான் இருக்கும்.

இரும்புக் கம்பிப் பஞ்சு வேண்டாம். அதன் நூலிழைகள் மரத்தில் சிக்கி, நீர் பெயின்டின் ஈரத்தில் துருப் புள்ளிகளாகும். ஆணித் தலைகளுக்கும் அதே கதி. உலோகப் பிரைமர் ஒரு தொடு தொட்டு மூடுங்கள்.

பள்ளங்களுக்குப் பட்டி பார்க்கும்போது நீர் அடிப்படைப் பட்டியைப் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பட்டி உள்ளே காயப் பல வாரங்கள் எடுக்கும். பட்டி சுருங்கும் என்பதால் துளி மேடாக வைத்து, காய்ந்ததும் 180, பிறகு 240 ஆம் எண் தாளால் சமப்படுத்துங்கள். தூசியை உறிஞ்சி எடுத்து, கடைசியாக ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரைமர் என்ன செய்கிறது

பிரைமர் மலிவான வெள்ளைப் பெயின்ட் அல்ல. இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவைப் போல, கீழே பழைய பூச்சையும் மேலே புதியதையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளத் தயாரித்த பூச்சு. பழைய எனாமலுக்குப் பிடிப்புப் பிரைமர் என்று குறிப்பிட்ட வகையைக் கேளுங்கள். சுவருக்கான பிரைமர் இங்கே உதவாது.

இன்னொரு வேலை கறையைத் தடுப்பது. மரத்தில் டானின் என்ற பழுப்புச் சாறு உண்டு; அது தண்ணீரில் கரையும். வெறும் மரத்தில் நீர் பெயின்ட் அடித்தால் அந்தச் சாற்றை நாமே இழுத்து மேலே கொண்டுவருகிறோம். மறுநாள் மஞ்சள் திட்டு. இன்னும் இரண்டு கோட் அடித்தாலும் அதன் வழியாகவும் வரும். மரக் கணுக்களிலிருந்து கசியும் பிசினும் அப்படியே. இதற்கு அரக்கு அடிப்படையிலான கறைத்தடுப்புப் பிரைமர் நல்ல தீர்வு: அதன் கடத்தி ஸ்பிரிட் என்பதால் டானினை இழுப்பதில்லை, காய்ந்த அரக்கு கறையைப் பூட்டிவிடும். அதன் மேல் நீர் பெயின்ட் தாராளமாக அடிக்கலாம்.

வெறும் மரம் தெரியும் இடத்தில் நீர் பட்டதும் நார்கள் எழும்பிச் சொரசொரப்பாகும். பயப்பட வேண்டாம். பிரைமர் காய்ந்ததும் 240 ஆம் எண் தாளால் ஒரு லேசான தேய்ப்பு, சரியாகிவிடும்.

சுருக்கமாக: பிடிப்பு என்பது பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிசுக்கு நீக்கல், கீறல் போடல், பிரைமர் மூன்றும் அதற்காகத்தான்.

எவ்வளவு வேண்டும், ஏன் இரண்டு கோட்

1 லிட்டர் பெயின்ட் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 2 மீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு இரு முகங்களும் விளிம்புகளும் சேர்த்து ஏறக்குறைய 4 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 8. முக்கால் லிட்டர் போதும்.

1 லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதில் தங்குவது ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு. மீதி நீராகப் போய்விடும். ஒரு கோட் தரும் படலம் 0.04 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. ஒரே கோட்டில் தடிமனாக ஏற்றினால் என்ன? செங்குத்துப் பரப்பில் வழிசல் விழும், மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கும். மெல்லியதாக இரண்டு, நிறம் ஆழமாக மாறினால் மூன்று.

பிரஷ் பிடிக்கும் கை

பன்றி முடி பிரஷ் தண்ணீரை உறிஞ்சித் தொங்கிவிடும். செயற்கை இழை பிரஷ் வாங்குங்கள். சட்டங்களுக்கு ஒன்றரை அங்குலம், சமதளத்துக்கு இரண்டரை அங்குலம் அல்லது சிறிய ஸ்பாஞ்ச் ரோலர். ஆரம்பிக்கும் முன் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதறினால் இழைகளின் வேரில் பெயின்ட் உறையாது.

எனாமல் அடித்தவர்கள் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: போட்ட இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் நீவிவிடுவது. எனாமல் நெடுநேரம் இளகி நிற்கும். நீர் பெயின்ட் சில நிமிடங்களில் மணிகளைச் சேர்க்கத் தொடங்கிவிடும். பாதி சேர்ந்த படலத்தில் பிரஷ் பட்டால் கிழிந்து கயிறு போலத் தடம் விழும், அது சமமாகாது. சிறு பகுதியாக எடுத்து, தாராளமாகப் போட்டு, பரப்பி, பிரஷ் நுனியால் மரநார் ஓடும் திசையில் ஒரே ஒரு நீவல். பிறகு கை எடுங்கள். அடுத்த பகுதியை ஈரமான விளிம்பிலிருந்தே தொடங்கினால் இணைப்பு தெரியாது. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள்; அடுத்த கோட் பார்த்துக்கொள்ளும்.

உட்பலகை வைத்த கதவில் முதலில் பலகைகளும் அவற்றைச் சுற்றிய வரிச்சட்டமும், அடுத்து குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுக்குச் சட்டங்கள், விளிம்புகள். கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாவற்றையும் முன்பே கழற்றி வையுங்கள்.

கோட்டுகளுக்கு இடையே 4 முதல் 6 மணி நேரம். ஈரக்காற்று அதிகமான நாளில் இன்னும் கூடுதல். நடுவில் 320 ஆம் எண் தாளால் மெல்லத் தடவி, தூசி துடைத்து அடுத்த கோட். தாளில் பெயின்ட் உருண்டு உருண்டு ஒட்டினால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் கடைசிக் கோட் முழுக்கக் காயும் முன்பே சாய்வாக இழுத்து எடுங்கள். இறுகியபின் இழுத்தால் படலத்தின் விளிம்பும் டேப்போடு வரும்.

தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் இறுகவில்லை

தொட்டுப் பார்த்து ஒட்டாமல் இருக்க ஒரு மணி நேரம் போதும். முழு இறுக்கத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும், ஏனென்றால் மணிகளை இளக்கி வைத்திருந்த உதவிப் பொருள்கள் படலத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதுவரை படலம் மென்மையாகவே இருக்கும்.

இந்த வாரங்களில் கதவை மூடி அழுத்தி வைத்தால், கதவின் விளிம்புப் பூச்சும் நிலையின் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டின்னிலிருந்த மணிகள் எப்படிச் சேர்ந்தனவோ அப்படியே இந்த இரண்டு படலங்களும் சேரப் பார்க்கின்றன. இழுத்துத் திறந்தால் ஒரு பக்கத்துப் பூச்சு மறுபக்கம் போய்விடும். முதல் சில நாள் கதவு திறந்தே இருக்கட்டும். இரவில் மூடியே ஆக வேண்டுமென்றால் தொடும் விளிம்பில் டால்கம் பவுடர் தடவுங்கள். பழைய கோட்டுகள் ஏறி ஏறிக் கதவு ஏற்கெனவே இறுக்கமாக உரசுகிறதென்றால் அந்த விளிம்பை பெயின்டுக்கு முன்பே தேய்த்துக் குறைத்திருக்க வேண்டும். மென்மையான பிளாஸ்டிக் அடைப்புப் பட்டைகளையும் தள்ளிப் போடுங்கள். அவற்றை மென்மையாக வைத்திருக்கும் நெகிழ்விப்பான் என்ற பொருள் அக்ரிலிக்குக்குள் இறங்கிப் பூச்சைப் பிசுபிசுப்பாக்கும்.

குளியலறை போன்ற ஈரமான இடத்தில் முதல் வாரங்களில் நத்தை ஊர்ந்தது போலப் பழுப்புக் கோடுகள் வழியலாம். பெயின்டிலுள்ள சோப்பு போன்ற பொருள் ஈரத்தில் மேலே வருவதுதான் அது. மென்மையான ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பூச்சுக்குக் கேடில்லை. இதைத் தவிர வேறு எதற்கும் நான்கு வாரத்துக்கு முன் துடைப்புத் திரவம், கரடான பஞ்சு எதுவும் படக் கூடாது.

அலமாரித் தட்டில் பொருள்களை எப்போது அடுக்கலாம் என்பதைக் காலண்டரைவிட நகம் சரியாகச் சொல்லும். கண்ணில் படாத மூலையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருந்து, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். தடம் விழாத நாளில் அடுக்கலாம்.